அல்லிக் குளத்து வண்டும் ட்ரம் தண்ணீர்க் கொசுவும்

வீட்டுத் தோட்டத்தில் சின்னதாக ஒரு குளம் வெட்டி அல்லியும் நீர்ச்செடிகளும் வளர்க்க ஆசைப்படுகிறவரிடம் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி, கொசு வராதா என்பதுதான். புதுச்சேரியின் முதலியார்பேட்டையில் இந்தக் கேள்விக்கு நியாயம் கூடுதல். கடலூர் சாலையின் இரு மருங்கிலும் நெருக்கியடித்துக் கிடக்கும் தெருக்கள், 1898இல் தொடங்கி 2020இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலையின் வெறும் வளாகம், கழிவுநீரைச் சுமந்து போகும் உப்பாற்று வாய்க்கால், பக்கத்திலேயே வேல்ராம்பட்டு ஏரி: கொசுவுக்குத் தண்ணீர் பஞ்சம் இல்லாத பகுதி இது. புதுச்சேரிக்கே கொசுவோடு ஒரு நீண்ட கணக்கு இருக்கிறது. யானைக்கால் நோய் ஊன்றியிருந்த ஊர் என்பதால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975இல் இங்கே உருவானது பொருத்தமாகப் பட்டது. பி.கே. ராஜகோபாலன் தலைமையில் அந்த மையம் 1981 முதல் 1985 வரை நகரம் முழுவதையும் களமாக்கி நடத்திய யானைக்கால் கொசு ஒழிப்புத் திட்டம், சாக்கடை, செப்டிக் டேங்க், கிணறு, மேல்நிலைத் தொட்டி என்று தண்ணீர் தேங்கும் ஒவ்வொரு இடத்தையும் பட்டியல் போட்டு ஆராய்ந்தது. அந்தத் திட்டம் ஊர் மக்களுக்குக் கற்றுக் கொடுத்த பாடம் தேங்கும் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும் என்பது. நல்ல பாடம்தான். ஆனால் காலப்போக்கில் அது ஒரு மொண்ணையான விதியாகச் சுருங்கிவிட்டது: தேங்கிய தண்ணீர் எதுவானாலும் ஒன்று மூடு, இல்லையேல் மீன் விடு, இல்லையேல் அபேட் மருந்து ஊற்று.

அந்த விதி இரண்டு வகைத் தண்ணீரை ஒன்றாகக் குழப்புகிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். வெயில் படும், செடி வேரூன்றிய, சேறு படிந்த, சில மாதங்களாவது கலைக்கப்படாமல் கிடக்கும் குளத்தில் கொசுப்புழுவைத் தின்னும் வேட்டைப்பூச்சிகள் தாமாகவே வந்து குடியேறுகின்றன. அவற்றில் முக்கியமானவை நீர்வண்டுகள். ட்ரம், தொட்டி, டயர், ஆட்டுக்கல் குழி ஆகியவற்றில் அவை குடியேறுவதில்லை. முதலாவதில் நாம் செய்யும் பெரும்பாலான குறுக்கீடுகள் வேட்டைக்காரர்களைக் கொன்று கொசுவுக்கு வழிவிடுகின்றன. இரண்டாவதில் குறுக்கிடாமல் இருந்தால் டெங்கு வருகிறது. ஒன்றுக்குச் சரியான மருந்து மற்றதற்கு நஞ்சு.

முதலில் இந்த வண்டுகள் யார் என்று பார்க்கலாம். குளத்தில் நீந்தும் கறுப்பு வண்டெல்லாம் வேட்டைக்காரன் அல்ல. டைட்டிசிடே என்ற குடும்பத்து வண்டுகள் பின்னங்கால் இரண்டையும் ஒரே நேரத்தில் துடுப்புப் போட்டு நீந்தும். மூச்செடுக்க மேலே வரும்போது வால் முனையை மேலே நீட்டி, இறக்கை மூடிக்கு அடியில் காற்றை அடைத்துக்கொண்டு இறங்கும். ஹைட்ரோஃபிலிடே குடும்பத்தவை கால்களை மாற்றி மாற்றி அடித்துத் தத்தளிப்பதுபோல் போகும், காற்றுக்குத் தலையை நீட்டும். வளர்ந்தபின் பெரும்பாலும் அழுகிய இலைதழை தின்பவை. நம் ஏரிகளில் எளிதாகக் கண்ணில் படும் பெரிய டைட்டிசிட், சிபிஸ்டர் ட்ரைபங்க்டேட்டஸ், ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம். கரும்பச்சை முதுகு, ஓரத்தில் மஞ்சள் விளிம்பு. மணிப்பூர்ப் பக்கம் இந்த இன வண்டுகளைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் உண்மையான வேட்டைக்காரன் வண்டைவிட அதன் புழு. வாலை நீர்ப்பரப்பில் ஒட்டி மூச்சு வாங்கியபடி தலை கீழாகத் தொங்கும். அரிவாள் போல வளைந்த இரண்டு தாடைகள். அந்தத் தாடைக்குள் குழாய் ஓடுகிறது. கொசுப்புழு ஒன்று துள்ளி அருகே வந்ததும் கவ்வும், குழாய் வழியே செரிமான நீரை ஏற்றும், இரையின் உட்பகுதி கரைந்ததும் உறிஞ்சும். சற்று நேரத்தில் வெறும் தோல் மிதக்கும். ஆங்கிலத்தில் இதை நீர்ப்புலி என்று அழைப்பது வெறும் அலங்காரம் என்று சொல்ல முடியாது.

இவை இந்தப் பகுதிக்குப் புதியவையும் அல்ல. நாவலாசிரியராகவும் வண்டியல் அறிஞராகவும் விளங்கிய மொரீஸ் மெந்த்ரோன் 1901இல் தென்னிந்தியாவில் திரட்டிய பூச்சிகளில் நீர்வண்டுகளை மட்டும் தனியே எடுத்து, பிரெஞ்சுப் பூச்சியியல் சங்கத்தின் இதழில் மொரீஸ் ரெஜிம்பார் 1903இல் கட்டுரை எழுதினார். பிறகு இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் டி.ஜி. வாசிராணி 1977இல் தெற்காசிய, தென்கிழக்காசிய டைட்டிசிட் வண்டுகளுக்கு அட்டவணையே தயாரித்தார். பெயர் வைத்து வரிசைப்படுத்தும் வேலை நூறாண்டுக்கும் மேலாக நடந்திருக்கிறது. அந்த வண்டு ஒரு நாளில் எத்தனை கொசுப்புழு தின்னும் என்று எண்ணும் வேலைதான் மிகவும் தாமதமாகத் தொடங்கியது.

எண்ணியவர்கள் கண்டது என்ன? மேற்கு வங்க ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில் ஏசிலியஸ் சல்காட்டஸ் என்ற வண்டைச் சோதனைக்கூடத்தில் மட்டுமல்லாமல் வெளியில் சிமென்ட் தொட்டிகளிலும் விட்டுப் பார்த்தார்கள். விட்ட 30 நாளில் கொசுப்புழுவின் அடர்த்தி கணிசமாகக் குறைந்தது. வண்டுகளைத் திரும்ப எடுத்ததும் அடர்த்தி மறுபடி ஏறியது. என் கணிப்பில் இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். குறைவதற்கு மழை, வெயில், உணவுத் தட்டுப்பாடு என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். எடுத்ததும் ஏறுவதற்கு வண்டு ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும். டார்ஜிலிங்கில் ராண்டஸ் சிக்கிமென்சிஸ் என்ற மலை வண்டை வைத்து 2006இல் வெளிவந்த ஆய்வும் அதே திசையில்தான் பேசியது. ஜப்பானில் 2010இல் வெளியான ஒப்பீடு இன்னும் நுட்பமானது. 14 வகை வண்டுகளை 9 மில்லிமீட்டருக்குக் கீழ், 9 முதல் 20 வரை, 20க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வண்டுக்கும் முதிர்ந்த கியூலெக்ஸ் புழு 30 கொடுத்தார்கள். அதிகம் தின்றவை நடுத்தர வண்டுகள். அவற்றில் மூன்று வகை 24 மணி நேரத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் முடித்துவிட்டன. பெரிய வண்டுகள் பின்தங்கின. அவற்றின் வாய்க்குக் கொசுப்புழு சில்லறை இரை. தவளைக்குஞ்சும் சிறு மீனும்தான் கணக்கு. ஆக, கண்ணைக் கவரும் அந்தப் பெரிய சிபிஸ்டரைப் பிடித்து வந்து குளத்தில் விட்டுக் கொசு போய்விடும் என்று காத்திருப்பது வீண். யாரும் கவனிக்காத, ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள பழுப்பு வண்டுதான் வேலை பார்க்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. கண்ணாடிப் பாத்திரத்தில் வேறு இரை இல்லாமல் பட்டினி போட்ட வண்டு கொசுப்புழுவைத் தின்னும்தான். குளத்தில் நீர்ப்பூச்சி, தவளைக்குஞ்சு, மேஃப்ளை புழு என்று விருந்தே இருக்கும்போது கொசுப்புழுவை ஏன் தேடிப் போகும்? மறுப்பில் உண்மை இருக்கிறது. ஒற்றை வண்டை ஒற்றை மருந்துபோல எண்ணினால் கணக்கு உதைக்கும். ஆனால் குளத்தில் வண்டு தனியாக வருவதில்லை. முதுகை அடியாக்கி மல்லாந்து நீந்தும் நோட்டோனெக்டிட் பூச்சி மேல்மட்டத்தில் தொங்கும் கொசுப்புழுவைக் குறிவைக்கிறது. தட்டானின் இளம்புழு அடித்தளத்திலும் செடித்தண்டிலும் பதுங்குகிறது. ஆண் தன் முதுகிலேயே முட்டைகளைச் சுமந்து திரியும் டிப்ளோனிக்கஸ் பூச்சி இடையில் உலவுகிறது. ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கிறது. அதோடு, வேட்டை என்பது தின்பதோடு முடியவில்லை. இஸ்ரேலில் குலிசெட்டா என்ற கொசுவை வைத்து நடந்த ஆய்வுகளில், நோட்டோனெக்டிட் இருக்கும் நீரைப் பெண் கொசு முகர்ந்தே தவிர்க்கிறது என்று தெரிந்தது; அந்த வாசனைக்குக் காரணமான இரண்டு ஹைட்ரோகார்பன்களை 2010இல் அடையாளமும் கண்டார்கள். எல்லாக் கொசுவும் இப்படிச் செய்யாது. செய்கிறவற்றைப் பொறுத்தவரை, வேட்டைப்பூச்சி நிறைந்த குளம் முட்டையே விழாத குளம்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது: நோய் தரும் கொசு எது, அது எங்கே வளர்கிறது? இங்கே வண்டின் ஆதரவாளர்கள் நேர்மையாக இருக்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி, வீட்டைச் சுற்றியுள்ள சுத்தமான தண்ணீர்ப் பாத்திரங்களை விரும்புகிறது: மூடாத ட்ரம், சிமென்ட் தொட்டி, கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, டயர், பூந்தொட்டித் தட்டு, பழைய ஆட்டுக்கல், ஃபிரிட்ஜின் பின்தட்டு. அந்த இடங்களுக்கு நீர்வண்டு வராது. வந்தாலும் முட்டையிடச் செடித்தண்டு இல்லை, கூட்டுப்புழுவாக மண் இல்லை. யானைக்கால் பரப்பும் கியூலெக்ஸ், சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் நம்பியிருக்கிறது. அந்த அழுக்கில் வண்டின் கூட்டம் நிலைப்பதில்லை. நகர்ப்புற மலேரியாவின் அனோஃபிலஸ் ஸ்டீஃபன்சிக்குக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும். ஆகவே முதலியார்பேட்டையில் வீட்டுக்கு வீடு வண்டுக் குளம் வெட்டினாலும் டெங்கு குறையாது. இதைச் சொல்லிவிட்டே வாதத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: அதே காரணத்தால் அந்தக் குளம் டெங்குவைக் கூட்டவும் செய்யாது. மழைக்காலத்தில் கொசுச் சோதனைக்கு வருகிற ஊழியரின் கண்ணில் முதலில் படுவது அல்லிக் குளம்; ஏனென்றால் அது பெரிது, வெட்டவெளியில் இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ட்ரம் கண்ணில் படாது. குளத்தில் அபேட் ஊற்றிவிட்டுப் போனால் வேலை நடந்த மாதிரி இருக்கும். கொசு வளரும் தண்ணீர் தொடப்படாமலே இருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அது சிறியதல்ல. மான்சோனியா என்ற கொசுவின் புழு காற்றுக்காக மேலே வருவதே இல்லை. ஆகாயத்தாமரை போன்ற மிதவைச் செடிகளின் வேரில் தன் மூச்சுக்குழலைச் செருகி, அங்கிருந்தே காற்றை எடுத்துக்கொண்டு வேர்க்கற்றைக்குள் ஒளிந்திருக்கும். கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் ஒரு வகை யானைக்கால் நோய் இந்தக் கொசுவால்தான் பரவியது. புதுச்சேரி மையமே 1980களில் அங்கு போய், குளங்களிலிருந்து ஆகாயத்தாமரையை அள்ளி எடுத்து மீன் வளர்க்கச் சொல்லி நோயைக் குறைக்கும் திட்டத்தை நடத்தியது. தோட்டக் குளத்தில் அழகுக்காக ஆகாயத்தாமரை மிதக்க விடுகிறவர் தன் வண்டுகளின் கண்ணுக்குத் தப்பும் ஒரு கொசுவுக்குக் குடில் கட்டிக் கொடுக்கிறார். அல்லியும் தாமரையும் வேரூன்றிய செடிகள், அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மீன். இங்கேதான் புதுச்சேரியின் சொந்த வரலாறு நம்மைத் திசைமாற்றுகிறது. நகரத்துக் கிணறுகளில் காம்பூசியா என்ற அயல்மீனையும், தலையில் பளபளக்கும் பொட்டு வைத்த உள்ளூர்க் குட்டிமீனான ஆப்லோகைலஸையும் விட்டுக் கொசுவைக் கட்டுப்படுத்தியதைப் பற்றி இம்மையத்து ஆய்வாளர்கள் மேனனும் ராஜகோபாலனும் 1978இல் எழுதினார்கள். கிணற்றில் அந்த முறை சரியாக வேலை செய்ததற்குக் காரணம் தெளிவு: கிணறு இருண்ட, செடியில்லாத, செங்குத்துச் சுவர் கொண்ட இடம், அங்கே வண்டுகளின் சமூகம் எதுவும் இல்லை, மீன் அழிக்க அங்கே யாரும் இல்லை. கிணற்றில் கிடைத்த வெற்றி ஒரு பொதுவான பழக்கமாக மாறி, தேசிய அளவிலான வழிகாட்டுதல்களிலேயே அலங்காரத் தொட்டிகளுக்கும் கொசுப்புழு தின்னும் மீனைப் பரிந்துரைக்கும் நிலை வந்திருக்கிறது. செடி நிறைந்த குளத்துக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி. 1972இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் வெளியிட்ட பரிசோதனையில், காம்பூசியா விட்ட சிறு குளங்களில் நுண்ணுயிர் மிதவைகளும் நீர்ப்பூச்சிகளும் வெகுவாகக் குறைந்தன. பாசியை உண்பவர் இல்லாமல் அது பெருகித் தண்ணீர் பச்சையானது. 2005இல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு ஆய்வு, மீன் இருக்கும் தொட்டியின் வாசனையை உணர்ந்து நீர்வண்டுகள் அதில் இறங்கவே மறுக்கின்றன என்று காட்டியது. அதாவது மீன் விடுவது இருக்கும் வண்டுகளைத் தின்னக் கொடுப்பது மட்டுமல்ல, வரப்போகும் வண்டுகளையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவது. காம்பூசியா 1928இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீன். உலகின் மோசமான 100 அயல் உயிரிகள் பட்டியலில் இடம் பிடித்தது. தோட்டக் குளம் நிரம்பி வழிந்து வாய்க்கால் வழியே ஏரிக்குப் போய்விட்டால் அதைத் திரும்பப் பிடிக்க யாராலும் முடியாது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் புதுச்சேரியில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நினைத்துப் பார்த்தால், தோட்டக் குளத்து மீன் தோட்டத்திலேயே இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

மீன் ஆதரவாளர்கள் உடனே சொல்வது: உள்ளூர் மீனையாவது விடலாமே. ஆப்லோகைலஸ் விட்டால் அயல் உயிரி என்ற குற்றச்சாட்டு போய்விடும், உண்மைதான். ஆனால் சிறு வண்டுப்புழுவையும் தவளை முட்டையையும் அதுவும் விடாது. ட்ரம் அளவு தொட்டிக்கும் கிணற்றுக்கும் அது நல்ல தேர்வு. உயிரோட்டமுள்ள குளத்தைப் பொறுத்தவரை, வேட்டைப்பூச்சிகள் தோற்றுப்போனதற்கு ஆதாரம் கிடைத்த பிறகுதான் மீனைப் பற்றிப் பேச வேண்டும், முன்கூட்டியே அல்ல.

மருந்துக்கும் இதே அளவுகோல். அபேட் என்று நாம் சொல்லும் டெமிபாஸ் ஆர்கனோபாஸ்பேட் வகை. குடிநீர்த் தொட்டியில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கணக்கில் இடும்போது ஏடிஸ் புழுவை அது நன்றாகவே கொல்கிறது. கொசுப்புழு, வண்டுப்புழு என்று அது பேதம் பார்ப்பதில்லை. கொசு இரண்டு வாரத்துக்குள் ஒரு தலைமுறையை முடித்து மறுபடி வந்துவிடும். வண்டின் புழுவுக்குப் பல வாரங்கள் வேண்டும். ஆகவே பொதுவான ஒரு பூச்சிக்கொல்லி ஊற்றிய குளத்தில் முதலில் திரும்பி வருவது இரை. வேட்டைக்காரன் பின்னால் வருவான். இடையில் உள்ள வாரங்கள் கொசுவின் காலம். மாற்று கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது: பி.டி.ஐ. என்ற பாக்டீரியா, கொசு மற்றும் அதன் நெருங்கிய உறவுகளின் புழுக்களை மட்டும் குடலுக்குள் தாக்குகிறது, வண்டுகளைத் தொடுவதில்லை. வி.சி.ஆர்.சி. பி-17 என்று தன் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கத்தையே சூட்டி அந்த பாக்டீரிய வகையை உருவாக்கியது இந்த ஊர் நோய்க்கடத்தி மையம்தான். ஊரில் கண்டுபிடித்ததை ஊர்க் குளத்தில் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை.

பி.டி.ஐ.க்கு ஒரு குறிப்பிட்ட தருணமும் இருக்கிறது. நெல்வயலில் தண்ணீர் கட்டியவுடன் கொசு முதலில் பெருகி, வேட்டைப்பூச்சிகள் சில வாரம் கழித்து எட்டிப் பிடிக்கும். புதிதாக வெட்டிய குளத்திலும் இதுவே நடக்கும். அந்த இடைவெளிக்கு பி.டி.ஐ. போதும். மதுரையில் அப்போது இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், வயலுக்கு இடும் யூரியா போன்ற தழைச்சத்து உரம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரப்பும் கொசுக்களின் புழுக்களைக் கூட்டியது தெரியவந்தது. அல்லி நன்றாகப் பூக்க வேண்டும் என்று குளத்தில் உரக்கட்டி போடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். பூவோடு சேர்ந்து புழுவும் செழிக்கும்.

வண்டைப் பற்றிய புகார்கள் சிலவும் உண்டு. குளத்தில் வளர்த்த கப்பி மீனைப் பெரிய வண்டு தின்றுவிட்டது, தவளைக்குஞ்சுகள் காணாமல் போயின, கையில் எடுத்த குழந்தையை வண்டுப்புழு கடித்தது என்பவை அவை. முதல் இரண்டும் உண்மை. வேட்டைக்காரனை வைத்துக்கொண்டு, இதைத் தின்னு, அதை விட்டுவிடு என்று உத்தரவு போட முடியாது. இங்கிலாந்தில் தோட்டக் குளம் வைத்திருப்பவர்கள் டைட்டிஸ்கஸ் வண்டைப் பற்றித் தங்கமீனுக்காக இதே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள். அலங்கார மீன் வேண்டும் என்றால் வண்டுக் குளம் வேண்டாம். இரண்டும் ஒரே தண்ணீரில் சரிவராது. கடியைப் பொறுத்தவரை, அந்தப் புழு விஷமுள்ளதல்ல, ஆனால் கவ்வினால் சுருக்கென்று வலிக்கும், அந்த அளவோடு நிற்கும்.

வண்டை வளர்த்துத் தெருத்தெருவாக விடலாமே என்ற ஆர்வமும் அவ்வப்போது எழுகிறது. இது சரிப்படாது. வண்டுப்புழுக்கள் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தின்றுவிடும். பெரும் எண்ணிக்கையில் வளர்க்க ஒவ்வொன்றுக்கும் தனி அறை தேவைப்படும். வளர்ந்த வண்டோ இறக்கையை விரித்துப் பறந்துவிடும். இந்த விஷயத்தில் வேறு பூச்சிகள்தான் சற்று நம்பிக்கை தருகின்றன. யாங்கோனில் நடந்து 1990இல் வெளிவந்த பரிசோதனையில் வீட்டுத் தண்ணீர்ப் பாத்திரங்களில் தட்டான் இளம்புழுவை விட்டு ஏடிஸைக் கட்டுப்படுத்தினார்கள். புதுச்சேரி மையத்திலிருந்து 2009இல் டெங்கு புல்லட்டினில் வெளியான ஆய்வு, பழைய டயர்களில் டிப்ளோனிக்கஸ் பூச்சியைப் பயன்படுத்திப் பார்த்தது. ஆனால் இவையெல்லாம் ஆள் வைத்துத் திரும்பத் திரும்ப விட வேண்டிய முறைகள். இதே மையம் 2022இல் ஊல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசு வகைகள் இரண்டைத் தயாரித்ததாக அறிவித்தது. டெங்குவின் எதிர்காலப் பதில் அந்தத் திசையில் இருக்கலாம். குளத்து வண்டின் பெருமை வேறு: அதை யாரும் விடவே வேண்டாம்.

ஆனால் அது வருவதற்கான ஏற்பாடு செய்ய வேண்டும், அங்கேதான் பெரும்பாலான தோட்டக் குளங்கள் தோற்கின்றன. வேல்ராம்பட்டு ஏரியிலிருந்து மாலை இருட்டில் பறந்து வரும் வண்டு, தண்ணீரை அதன் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் முனைவாக்கப்பட்ட ஒளியைக் கொண்டு அடையாளம் காண்கிறது. பளபளக்கும் காரின் கூரையும் சூரியத் தகடும் அதற்குத் தண்ணீராகவே தெரியும். அவற்றில் போய் மோதிச் சாகும் பூச்சிகளைப் பற்றி ஐரோப்பாவில் தனி ஆய்வுகளே நடந்திருக்கின்றன. குளத்துக்கு நேர் மேலே பிரகாசமான விளக்கு வைப்பது அதைக் குழப்பும். வந்த வண்டு முட்டையிடத் தண்டுள்ள செடி வேண்டும். அதைவிட முக்கியம் கரை. வண்டுப்புழு வளர்ந்ததும் தண்ணீரை விட்டு வெளியேறி, கரையோர ஈரமண்ணில் சிறு அறை குடைந்து கூட்டுப்புழுவாகிறது. சுற்றிலும் செங்குத்தான சிமென்ட் சுவரும் டைல்ஸும் வைத்துக் கட்டிய குளத்தில் அது ஏறுவதற்கு வழியில்லை, புதைவதற்கு மண்ணில்லை. வேட்டைக்காரன் அங்கே பிறக்க முடியாமல் விருந்தாளியாகவே வந்துபோவான். ஒரு பக்கமாவது சரிவான மண்கரை விட்டு, அதில் கோரையோ புல்லோ வளரவிட்டால் போதும். கோடையில் தண்ணீர் குறைந்தால் வற்றட்டும். வண்டு ஏரிக்குப் பறந்துபோய் வடகிழக்குப் பருவமழையில் திரும்பும். பாதி வற்றிய நேரத்தில் மட்டும் கொசுப்புழு பெருகுகிறதா என்று விழிப்பாக இருந்தால் போதும்.

எல்லாவற்றையும் கெடுக்கும் ஒரு பழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. போகிக்கு வீடு கழுவும்போது குளத்தையும் சேர்த்துக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்புவது. மழைக்காலம் முடிந்து வண்டுகள் பெருகியிருக்கும் நேரம் அது. தேய்த்து நிரப்பிய குளம் கொசுவுக்கு ட்ரம் போலத்தான்: வேட்டைக்காரன் இல்லாத புதுத் தண்ணீர். ட்ரம்மையும் தொட்டியையும் வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பது ஏடிஸ் முட்டைகளை அகற்றச் சரியான வழி. அந்த முட்டைகள் பாத்திரத்தின் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதே பிரஷைக் குளத்துக்குள் இறக்கக் கூடாது. குளத்தில் சேற்றையும் அழுகிய இலையையும் ஒரு பக்கம் மட்டும், அதுவும் பாதி அளவு, வாரி எடுத்தால் போதும். எடுத்ததைக் கரையிலேயே ஒரு நாள் போட்டுவைத்தால் அதில் சிக்கிய பூச்சிகள் தண்ணீருக்குத் திரும்பும்.

வண்டுகள் வேலை செய்கின்றனவா என்று சோதிக்க நம்பிக்கை தேவையில்லை, ஒரு வெள்ளை நிறக் கரண்டி போதும். கொசு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கரண்டி ஏறத்தாழ 350 மில்லி கொள்ளும். குளத்தின் ஓரம், செடிக்கிடை, நிழல் என்று பத்து இடங்களில் மொண்டு பார்க்க வேண்டும். சின்னஞ்சிறு புழுக்கள் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. கொசு முட்டை போட்டிருக்கிறது, வேட்டை இன்னும் முடியவில்லை என்றுதான் பொருள். பார்க்க வேண்டியது காற்புள்ளி போல வளைந்து, தொட்டால் குட்டிக்கரணம் போட்டு அடியில் இறங்கும் கூட்டுப்புழுவை. அது இருந்தால் இரண்டொரு நாளில் கொசு பறக்கும். வேட்டை தோற்றுவிட்டது என்று அர்த்தம். ஒரு வாரம் விட்டு மறுபடி பார்த்தும் கூட்டுப்புழு கிடைத்தால் பி.டி.ஐ. இடலாம், அதன் பிறகும் தொடர்ந்தால் உள்ளூர்க் குட்டிமீனை யோசிக்கலாம். சோதனைக்கு வரும் ஊழியரும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் கூட்டுப்புழு இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுத்தால், அபேட் பாட்டில் குளத்தைத் தாண்டி மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ட்ரம்முக்குப் போய்ச் சேரும்.